பதினேழாவது குற்றியில் நின்ற ஆள்

இப்போது வருகிற சில காமிராக்களில் படத்தின் மூலையில் தேதியும் நேரமும் தாமே விழுந்துவிடுகின்றன. நான் வேலை பார்த்த கால்வாய் அலுவலகத்திலும் அப்படி ஒன்று வாங்கியிருக்கிறார்கள். அங்கே புதிதாகச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது அதைக் காட்டினார்.

"உங்க காலத்துல இதையெல்லாம் யாரு சார் எழுதினா?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

அலுவலக ஆண்டு மலருக்கு ஓய்வு பெற்றவர்கள் பழைய அனுபவம் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். முப்பத்துச் சொச்சம் வருடம் வேலை பார்த்தேன். அணை கட்டியதையும் வெள்ளம் வந்ததையும் எழுதலாம்தான். எழுத உட்கார்ந்தால் ஒரு காலைப் பொழுதுதான் முன்னால் வந்து நிற்கிறது. மலருக்கு ஒத்துவருமா என்று அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்குப் பாறசாலைக்கு மேற்கே ஒரு சிறிய ஊர். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். படிப்பு முடிந்ததும் நெய்யாற்றின்கரையில் ஒரு ஸ்டுடியோவில் மூன்று வருடம் கல்யாணப் படங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போது கால்வாய் வெட்டுவதற்கு முன்பு நிலத்தைப் படம் எடுத்து வைக்க ஆள் தேவைப்பட்டது. பிளேட் காமிராவைக் கையாளத் தெரியும் என்பதால் என்னை எடுத்தார்கள். வயது இருபத்து நான்கு.

என் மேலதிகாரி மாதவன் பிள்ளை சார். ஓவர்சியர். ஒல்லியான ஆள், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. வயலில் இறங்கிவிட்டு வந்தால் செருப்பில் ஒட்டிய சேற்றை ஓர் இலையால் துடைத்துவிட்டுத்தான் அலுவலகப் படியேறுவார். மலையாளம்தான் பேசுவார். தமிழ் அவருக்குத் தெரியும் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. 'தப்பு' என்ற சொல்லே அவர் வாயில் வராது. தப்பாக ஏதாவது செய்திருந்தால், "ஒண்ணுகூடி நோக்காம்" என்பார். இன்னொரு முறை பார்ப்போம் என்று பொருள். அதைக் கேட்டால் நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்வேன்.

சேர்ந்த முதல் மாதம் ஓர் ஏலாவைப் படம் எடுத்தேன். ஏலா என்றால் இரண்டு மேட்டுக்கு நடுவே நீண்டு கிடக்கும் தாழ்ந்த நிலம். பாதி நெல்வயல், பாதி ஆம்பல் பூத்த சதுப்பு. தென்னைகளுக்குப் பின்னால் சூரியன், தண்ணீரில் அதன் ஒளி, ஓரத்தில் கைதை என்கிற தாழம்புதர். எனக்கே பெருமையாக இருந்தது. சார் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நன்னாயிட்டுண்டு" என்றார். பிறகு, "தாசே, ஈ வெள்ளத்தினு எத்ர ஆழமுண்டு?" என்று கேட்டார்.

அந்தத் தண்ணீரின் ஆழம் எனக்குத் தெரியவில்லை.

"ஆளில்லாதெ அளவு எங்ஙனெ அறியும்?" என்றார்.

அளவு தெரிய, அன்றுமுதல் எல்லாப் படத்திலும் ஓர் ஆள் நிற்க வேண்டும். கையில் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி அடித்த பத்தடி அளவுகம்பு. நூறடிக்கு ஒன்றாக வரப்பில் மரக்குற்றி அடித்து எண் போட்டிருப்போம். ஆள் குற்றிக்குப் பக்கத்தில் கம்பை நேராகப் பிடித்து நிற்பார். நான் முக்காலியை ஊன்றி, கருப்புத் துணிக்குள் தலையை விட்டு, தலைகீழாகத் தெரியும் வயலைத் துல்லியமாக்கி, கண்ணாடிப் பிளேட்டைச் செருகி எடுப்பேன். எடுத்த கையோடு ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். குற்றி எண், திசை, நேரம், தண்ணீரின் ஆழம், கம்பு பிடித்தவர் பெயர். அறைக்குத் திரும்பி வந்து எழுதக் கூடாது என்பது சாரின் கண்டிப்பு. மனம் வழியிலேயே திருத்தத் தொடங்கிவிடும் என்பார்.

எல்லைப் போராட்டம் சூடுபிடித்த வருடங்கள் அவை. மலையாள ராஜ்யத்திலிருந்த தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலமும் மறியலும் நடந்துகொண்டிருந்தன. துப்பாக்கிச் சூடும் நடந்து, ஆட்கள் செத்துப்போயிருந்தார்கள். எங்கள் ஊர்கள் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், கோயிலில் ஒன்று, கோர்ட்டில் ஒன்று என்று வாழ்ந்து பழகிய சனங்கள். திடீரென்று நீ யார் என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? அலுவலகத்தில் நான் உள்ளே நுழைந்தால் பேச்சு தாழ ஆரம்பித்தது. ஒரு தமிழ்க் குமாஸ்தாவைக் காரணம் சொல்லாமல் வடக்கே மாற்றினார்கள்.

கிறிஸ்மஸ் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். சார் வேறு வேலையாகத் திருவனந்தபுரம் போயிருந்தார். நானும் கம்பு பிடிக்கும் தங்கையனும் ஏலாவை மேற்கிலிருந்து கிழக்காக எடுத்து முடிக்க வேண்டும். காலை எட்டு மணிக்குப் போனபோது தங்கையன் வரப்பின் தலைப்பில் கம்போடு நின்றான். முகம் சரியில்லை.

"தாசு, எனக்க கெட்டியவளுக்கு ராத்திரியே நோவு கண்டாச்சு. மருத்துவச்சி பிள்ள குறுக்கே கிடக்குன்னு சொல்லுகா. நான் போவட்டா?"

"போ. இதைக் கேக்கணுமா?"

அவன் நகரவில்லை. "இந்த மாசம் ரெண்டு நாள் வராம இருந்தாச்சு. இன்னைக்கும் எழுதினா என்னை நிறுத்திப்போடுவாவ. நீ பேரை மட்டும் போட்டுக்கோ."

நான் தலையை ஆட்டினேன். கம்பை என் கையில் கொடுத்துவிட்டு வரப்பில் ஓடினான்.

ஆளில்லாமல் படம் எடுக்க முடியாது. சற்றுத் தள்ளி செல்லையண்ணன் தன் துண்டு வயலில் களை பறித்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஊர்வலங்களில் முன்வரிசையில் நடப்பவர், கோஷம் போட்டால் ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும். கூப்பிட்டதும் தலையிலிருந்த பாக்குமரப் பாளைத்தொப்பியோடு சிரித்துக்கொண்டே ஏறி வந்தார்.

"எலே மக்கா, சர்க்காருக்குக் கம்பு பிடிக்க நானா? உனக்கு வேற ஆளு கிடைக்கல்லியா?"

"அண்ணே, ரெண்டு மணி நேரந்தான்."

"சரி, பிடிக்கேன். வெள்ளம் தமிழனுக்கும் வேணும், மலையாளத்தானுக்கும் வேணும். கால்வாய் வரட்டு."

அந்தக் காலைப் பொழுதைப் போல ஒன்றை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. பனி விலகி, வெயில் சுடாமல் விழுந்துகொண்டிருந்தது. கதிர் பொதிந்து நின்ற நெற்பயிரின் மேல் ஈரம் மின்னியது. சதுப்பில் ஆம்பல்கள் திறந்தபடியே இருந்தன. நாங்கள் நடக்க நடக்க கொக்குகள் பத்தடி முன்னால் எழுந்து பத்தடி தள்ளி இறங்கின. செல்லையண்ணன் சேற்றில் முழங்கால்வரை இறங்கி, நான் சொன்ன இடத்தில் கம்பை ஊன்றி, சிலைபோல நின்றார். "மூச்சு விடலாமா?" என்று மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்டார்.

பதினேழாவது குற்றி ஒரு மடைக்கு அருகில் இருந்தது. கம்பின் நிழல் வரப்பின் மேல் சாய்ந்து மடைக்கல்லின் மூலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மணி ஒன்பது நாற்பது. எடுத்தேன். ரெஜிஸ்டரைத் திறந்து எழுதினேன். குற்றி பதினேழு, கிழக்கு நோக்கி, ஒன்பது நாற்பது, ஒன்றரை அடி. பெயர் என்ற இடத்தில் மற்றப் படங்களுக்கு எழுதியதுபோலவே 'தங்கையன்' என்று எழுதினேன். தங்கையனின் வேலை நிலைக்க வேண்டும் என்று நினைத்தேன். செல்லையண்ணனின் பெயர் சர்க்கார் ரெஜிஸ்டரில் இருந்தால் எனக்கும் தொந்தரவு வரும் என்றும் நினைத்தேன். இரண்டில் எது முதலில் வந்தது என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

அதே காலை ஒன்பதரைக்கும் பத்துக்கும் இடையில், ஏழு மைலுக்கு அப்பால் நெடுஞ்சாலையில் ஒரு பஸ்ஸை மறித்துக் கொளுத்திவிட்டார்கள். டிரைவரின் இரண்டு கைகளும் வெந்துபோயின. நாலு நாள் கழித்துப் போலீஸ் பதினைந்து பேரைப் பிடித்தது. அதில் செல்லையண்ணனும் ஒருவர். மற்றவர்கள் ஓடி ஒளிந்தபோது அவர் வீட்டிலேயே இருந்திருக்கிறார். தாசுக்குக் கம்பு பிடித்துக்கொண்டு நின்றவனை யார் என்ன செய்ய முடியும் என்று மனைவியிடம் சொன்னாராம்.

மறுநாள் அவர் மனைவி நேசம்மாள் அலுவலக வாசலுக்கு வந்தாள்.

"தம்பி, அவரு உங்க படத்துல நிக்காரு இல்லியா? அதை ஸ்டேஷன்ல காட்டினா விட்டிருவாவ இல்லியா?"

"நிக்காரு அக்கா. பயப்படாண்டாம். நான் பாக்கேன்" என்றேன்.

உள்ளே போய் ரெஜிஸ்டரைத் திறந்தேன். என் கையெழுத்து. பதினேழுக்கு நேராக, தங்கையன்.

படத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தக் காலத்துப் பிளேட்டுகளில் நம் நிறம் கருத்துத்தான் விழும். அதோடு பாளைத்தொப்பியின் நிழல். கம்பு தெளிவாக இருந்தது, மடைக்கல் இருந்தது, முழங்காலில் ஒட்டிய சேறுகூட இருந்தது. முகம் இருந்த இடத்தில் இருட்டுதான் இருந்தது.

அன்று சாயங்காலம் தங்கையன் வீட்டுக்குப் போனேன். பெண் குழந்தை பிறந்திருந்தது. தாய் பிழைத்தது பெரிய காரியம் என்றார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் அவன் முற்றத்தில் அப்படியே குந்திவிட்டான்.

"நான் அஞ்சு பேருக்குக் கஞ்சி ஊத்தணும், தாசு. அவரை ஜாமீன்ல விடுவாவ. கொஞ்ச நாள் பொறு."

பொறுத்தேன். அவனுக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். பொய்யாக எழுதினேன் என்று ஒரு தமிழன் அந்த நேரத்தில் எழுதிக்கொடுத்தால் வேலை மட்டுமா போகும்? என்னையும் பதினாறாவது ஆளாகச் சேர்த்துவிடுவார்களோ என்று நினைத்தேன். நேசம்மாள் இரண்டாம் முறை வந்தபோது பின்வாசல் வழியாகப் போய்விட்டேன்.

மூன்றாம் முறை அவள் அலுவலகக் கேட்டைவிட்டு நகரவில்லை. நான் வெளியே வந்தேன். அவள் அழவில்லை.

"ஸ்டேஷன்ல போய்ப் பாத்தேன் தம்பி. நான் கூப்பிட்டது அவருக்குக் கேக்கல்ல. ரெண்டு செவிட்டுலயும் சேத்து அடிச்சிருக்காவ. ரத்தம் வந்து காஞ்சு கிடக்கு" என்றாள். பிறகு, "படம் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

நேராக மாதவன் பிள்ளை சாரின் மேசைக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தார். ரெஜிஸ்டரைத் திறந்து அந்த வரியின் கீழ் விரலை வைத்தார்.

"ஈ பேர் ஆரு எழுதி?"

"நான், சார்."

அவர் 'ஒண்ணுகூடி நோக்காம்' என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்து, தன் பேனாவைத் திறந்து அதன்மேல் வைத்தார். நான் உட்கார்ந்து எழுதினேன். அவர் முன்னால் நான் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. எழுதி முடித்ததை இரண்டு முறை படித்துவிட்டு மடித்தார். அப்போதுதான் தமிழில் பேசினார்.

"அவரைப் பிடிச்சு பதினோரு நாள் ஆயிப்போச்சே, தாசு."

அவ்வளவுதான் சொன்னார். 

மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு ஏலாவுக்குப் போனார். அதே வெயில், அதே கொக்குகள். பதினேழாவது குற்றியில் கம்பை அவரே பிடித்துக்கொண்டார். என் கையில் தன் கடிகாரத்தைக் கொடுத்து, நிழல் மடைக்கல்லின் மூலையைத் தொடும்போது சொல்லச் சொன்னார். அரை மணி நேரம் அசையாமல் நின்றார். நிழல் தொட்டபோது மணி ஒன்பது நாற்பத்து மூன்று.

"சமயம் சரியாணு" என்றார். கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவருடைய செருப்பு முழுக்கச் சேறு. அன்று அதைத் துடைக்காமலே அலுவலகத்துக்குள் போனார். என்னுடைய கடிதத்தோடு, படம் எடுத்த நேரம் சரியானதுதான் என்று தானும் ஒன்று எழுதி அனுப்பினார். மறுவாரம் என்னை சஸ்பெண்ட் செய்த உத்தரவையும் அவரே என் கையில் கொடுத்தார்.

வழக்கு கோடையில் வந்தது. நான் கூண்டில் ஏறி, படத்தைக் காட்டி, அதில் நிற்பவர் செல்லையன்தான் என்று சொன்னேன். செல்லையண்ணன் எதிரே மற்றவர்களோடு நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு சொல்லும் கேட்டிருக்காது.

அரசாங்க வக்கீல் வயதானவர், மரியாதையாகவே கேட்டார்.

"ரெஜிஸ்டரில் நேரம் எழுதியது நீர்தானே?"

"ஆமா."

"அது சரியான நேரம்?"

"ஆமா."

"அதே வரியில் பேர் எழுதியதும் நீர்தான். அது மட்டும் பொய்?"

"ஆமா."

"ஒரே வரியில் உமக்கு வேண்டியது உண்மை, வேண்டாதது பொய். அப்படித்தானே?"

நான் அழுதேன்.

மாதவன் பிள்ளை சார் வந்து நிழலைப் பற்றிச் சொன்னார். கோர்ட் அதைக் கவனமாகக் கேட்டு, நேரத்தைப் பற்றித் தகராறே இல்லை என்று சொல்லிவிட்டது. பிறகு தங்கையனைக் கூப்பிட்டார்கள். அவன் பைபிளைத் தொட்டு, படத்தைப் பார்த்து, "இது நானாக்கும்" என்றான். என் பக்கம் திரும்பவே இல்லை.

ரெஜிஸ்டரும் தங்கையனும் ஒன்றையே சொன்னார்கள். நான் ஒருவன்தான் வேறு சொன்னேன். செல்லையண்ணனுக்கு ஒன்றரை வருடம் விதித்தார்கள்.

தங்கையன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்ன பொய்யை எழுதி வைத்தவன் நான். சார் எவ்வளவோ எழுதிப் போட்டு, எட்டு மாதம் கழித்து என்னைத் திரும்ப எடுத்தார்கள். காமிராவைக் கொடுக்கவில்லை. சாமான் அறையில் போட்டார்கள். மறுபடி காமிராவைத் தொட ஆறு வருடம் ஆனது. அதற்குள் சார் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

எல்லை பிரிந்தது. தெற்குத் தாலுகாக்கள் அந்தப் பக்கம், தமிழ்நாட்டோடு போயின. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் இந்தப் பக்கமே நின்றன. செல்லையண்ணன் வெளியே வந்தபோது வயல் கைமாறியிருந்தது. நேசம்மாளின் ஊர் எல்லைக்குத் தெற்கே நாலு மைலில் இருந்தது. அங்கே குடிபோனார்கள். எதற்காக ஊர்வலம் போனாரோ அந்தப் பக்கத்துக்கு அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். எனக்கு அதைக் கேட்கப் பொறுக்காது.

போய்ப் பார்க்க எனக்கு மூன்று வருடம் ஆனது. அவரும் நேசம்மாளும் இப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். சின்ன ஓட்டு வீடு, பக்கத்தில் மரச்சீனி என்கிற மரவள்ளித் தோட்டம். என்னைக் கண்டதும் செல்லையண்ணன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். முடி முழுக்க நரைத்திருந்தது. காது கேளாதவர்கள் பேசுவதுபோல உரக்கப் பேசினார். வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இவனாக்கும் தாசு. நான் சொல்லுவேன்லா? எனக்கு வேண்டி கோர்ட்டுல கேறி நின்னு கரஞ்சு அழுத ஆளு. எனக்கு வேண்டி வேலையையும் களஞ்சான். எனக்க சொந்தக்காரன் ஒருத்தன் வரல்ல, இவன் வந்தான்."

நான் அங்கே நிற்காமல் அடுக்களைப் பக்கம் போனேன். நேசம்மாள் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். கோர்ட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டவள் அவள்.

"அக்கா, அவருக்கு ஒண்ணும் தெரியாதா?"

"தெரியாது."

"நான் சொல்லணும் அக்கா. நான் சொன்னா அவருக்குக் கேக்காது. நீங்க பேசினா உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கிடுவாருன்னு சொன்னாவ. நீங்க சொல்லிக் குடுங்க. பேரை மாத்தி எழுதினது, பதினோரு நாளு நான் சும்மா இருந்தது, எல்லாத்தையும்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். 

"சொல்லலாம். நான் சொன்னா அவருக்குப் புரியும். பின்ன அவருக்கு என்ன மிச்சம், தம்பி? காது போச்சு, மண்ணு போச்சு. தனக்கு வேண்டி ஒருத்தன் நின்னான்னு ஒரு நெனப்பு உண்டு. அதை வச்சாக்கும் அவரு உறங்குகது. அதையும் நான் எடுக்கவா?"

அவள் கத்தியைத் திரும்ப எடுத்தாள்.

"உங்களை நான் மன்னிக்கல்ல. அது வேற. இதை நீங்களே வச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிழங்கை நறுக்கத் தொடங்கினாள்.

வெளியிலிருந்து அவர் உரக்கக் கூப்பிட்டார். "நேசம்மா, தம்பி வெயில்ல வந்திருக்கான். சோறு வை."

பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கிழங்கும் மீன் குழம்பும். நேசம்மாள் இருவருக்கும் விளம்பினாள். அவர் தன் இலையில் விழுந்த பெரிய துண்டை எடுத்து, முள்ளைப் பார்த்து நீக்கி, என் இலையில் வைத்தார். வைத்துவிட்டு, நான் தின்கிறேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நேசம்மாள் கையில் குழம்புச் சட்டியோடு எங்களுக்கு முன்னால் நின்றாள்.

நான் அதைத் தின்றேன்.